சந்தனப் பொட்டு வைத்த சுவிட்ச்

விஜயதசமிக்கு மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு போன் வந்தது. பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலை. நான் நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுக்கும் இடங்களில் ஒன்று. பேசியவர் டைம் ஆபீஸ்காரர்.

“தம்பி, கேட்ல விரல் வச்சா எடுக்கவே மாட்டேங்குதுங்க. ஷிப்டு ஆளுங்க எல்லாம் வெளிய நிக்கறாங்க. ஆபீஸ்ல டேலி வரலைங்கறாங்க, கேமராவும் வரலைங்கறாங்க. எல்லாமே போச்சுங்க.”

எல்லாமே போச்சு என்றால் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஒன்றிரண்டு போனால்தான் தேடி அலைய வேண்டும். மொத்தமும் போயிருந்தால் பெரும்பாலும் கரண்ட், இல்லாவிட்டால் லூப், அதாவது கேபிள் சுற்றி வந்து கிளம்பிய இடத்திலேயே சேர்ந்துகொள்வது.

போய் ரேக்கைத் திறந்தேன். கண்ணாடிக் கதவில் விபூதிப் பட்டை. உள்ளே மூன்று நெட்வொர்க் சுவிட்சுகள், கம்ப்யூட்டர், கேமரா எல்லாவற்றின் கேபிளும் வந்து சேரும் பெட்டிகள். மூன்றின் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். யுபிஎஸ் தலையில் காய்ந்த சாமந்தி. ஸ்பின்னிங் மெஷினுக்குச் செய்த மரியாதையைக் குறைவில்லாமல் இவற்றுக்கும் செய்திருந்தார்கள். பொட்டுக்குப் பக்கத்தில் பச்சை விளக்குகள். சாதாரண நாளில் அவை ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குச் சிமிட்டிக்கொண்டிருக்கும். அன்று அத்தனையும் ஒரே தாளத்தில் படபடத்தன. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தத் தாளத்தைப் பார்த்ததுமே வயிறு கலங்கும்.

மூன்றும் சாதாரண சுவிட்சுகள். நாங்கள் டப்பா என்போம். லாக்இன் கிடையாது, எதைக் கேட்டாலும் பதில் கிடையாது. ஆகவே ஒரே வழிதான் இருந்தது. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கு, விளக்கைப் பார், மறுபடி சொருகு. இரண்டரை மணி நேரம் ஆனது. கடைசியில் அக்கவுண்ட்ஸ் மேஜைக்கு அடியில் எட்டு போர்ட், அதாவது எட்டு ஓட்டை உள்ள ஒரு டப்பாவில் பிடிபட்டது. பூஜைக்கு முதல்நாள் பெருக்கித் துடைத்த அக்கா, ஒரு நீலக் கேபிளின் முனை கீழே தொங்குவதைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் ஓர் ஓட்டை காலியாக இருந்தது. பொறுப்பாக எடுத்துச் சொருகிவிட்டார். அதே கேபிளின் மறுமுனையும் அதே டப்பாவில்தான் இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொங்கும் கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் போனவன் நான்தான்.

ஒரு முழ கேபிள் எப்படி ஒரு மில்லையே நிறுத்தும்? நெட்வொர்க்கில் தகவல் பொட்டலம் பொட்டலமாகப் போகும். ஐபி முகவரி எழுதிய பாக்கெட்டுக்கு ஆயுள் எண்ணிக்கை ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்ஜியம் ஆனால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்தப் பாக்கெட்டைச் சுமந்து கேபிளில் ஓடும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஒரு கணக்கே எழுதப்படவில்லை. ‘இந்த ஐபி யாருடையது’ என்று ஒரு கம்ப்யூட்டர் ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு பிராட்காஸ்ட் போடும். சுவிட்ச் அதை வந்த வழி தவிர மற்ற எல்லா வழியிலும் நகலெடுத்து அனுப்பும். லூப் இருந்தால் அது சுற்றி வந்து மறுபடி நுழையும், மறுபடி நகல். ஒரு கிகாபிட் லைனில் சின்ன ஃபிரேம்கள் நொடிக்கு 14,88,095 வரை போகலாம். கேட்டில் இருக்கும் பயோமெட்ரிக் மெஷினின் சின்ன மூளை அத்தனையையும் ‘எனக்கா, எனக்கா’ என்று பிரித்துப் பார்த்தே மயங்கிவிடும். பாவம், அதற்கு விரலைப் படிக்க நேரம் ஏது?

அன்று மதியம் முதலாளியிடம் மேனேஜ்டு சுவிட்ச், அதாவது லாக்இன் செய்து கேள்வி கேட்கவும் கட்டளை போடவும் முடிகிற சுவிட்சுக்குக் கொட்டேஷன் கொடுத்தேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“இதுலயும் அதே இருபத்திநாலு ஓட்டைதானே தம்பி? எதுக்கு நாலு மடங்கு வெலை?”

நியாயமான கேள்வி. அன்று நான் சொன்ன பதில் சுமார்தான். இந்தக் கட்டுரை அதற்குத் தாமதமான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டைகள் அதேதான். வேகமும் அதேதான். இதை விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே போட்டுவிடும் எண்ணுக்கு மேக் அட்ரஸ் என்று பெயர். ஒரு டப்பா சுவிட்சும் எந்த மேக் அட்ரஸ் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று தானே கற்றுக்கொள்ளும், அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளும். பெரும்பாலானவற்றில் 300 நொடி சத்தமில்லாமல் இருந்தால் அந்த வரி அழியும். ஈதர்நெட் சுவிட்ச் என்று முதலில் விற்பனைக்கு வந்த ஏழு போர்ட் பெட்டியிலும் அடிப்படை வேலை இதுதான். 1990இல் அதைச் செய்த கம்பெனியின் பெயர் கல்பனா. நம்மூர்ப் பெயராக இருக்கிறதே என்றால், அதைத் தொடங்கியவர் வினோத் பரத்வாஜ். 1994இல் அதை சிஸ்கோ வாங்கிக்கொண்டது. வித்தியாசம் என்னவென்றால், டப்பா தன் அட்டவணையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், மேனேஜ்டு சுவிட்ச் கேட்டால் காட்டும். மேக் அட்ரஸ் 48 பிட். முதல் பாதியை வைத்துத் தயாரித்த கம்பெனியைச் சொல்லிவிடலாம். ஆகவே அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே 11ஆம் போர்ட்டில் பிரிண்டர், 14இல் கேமரா என்று தெரிந்துவிடும். ரேஷன் கார்டு மாதிரி, வீட்டில் யார் யார் என்று.

சரி, லூப்புக்கு வருவோம். இதற்கு மருந்து ஸ்பானிங் ட்ரீ. டிஜிட்டல் எக்விப்மென்ட் (டெக்) என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த ரேடியா பெர்ல்மன் 1985இல் உருவாக்கியது. செய்துவிட்டு, அதையே மரத்தைப் பற்றிய ஒரு குட்டிக் கவிதையாகவும் எழுதினார். சுவிட்சுகள் தங்களுக்குள் ‘நான் இன்னார்’ என்று இரண்டு நொடிக்கு ஒருமுறை சின்னச் சின்னத் தகவல் அனுப்பிக்கொள்ளும். ஒருவரை மூலவராகத் தேர்ந்தெடுப்பார்கள். மற்றவர்கள் அவரிடம் போக ஒரே ஒரு வழியை வைத்துக்கொண்டு, சுற்று வரக்கூடிய மிச்ச வழிகளை அடைத்துவிடுவார்கள். நல்ல வழி அறுந்தால் அடைத்ததைத் திறப்பார்கள்.

தேர்தலில் ஒரு வேடிக்கை உண்டு. மதிப்பு குறைந்தவர்தான் ஜெயிப்பார். எல்லாருக்கும் தொடக்க மதிப்பு 32768. சமமானால் சின்ன மேக் அட்ரஸ் உள்ளவர் ஜெயிப்பார். சின்ன எண் என்றால் பெரும்பாலும் பழைய பெட்டி. நீங்கள் எதையும் தொடாமல் விட்டால், குடோன் மூலையில் தூசி படிந்து கிடக்கும் பத்து வருடக் கிழம் மொத்த மில்லுக்கும் தலைவராகிவிடும். கையில் கிடைத்ததும் நான் செய்யும் முதல் வேலை, நடு ரேக்கில் இருப்பதற்கு 4096 என்று போடுவது.

பழைய ஸ்பானிங் ட்ரீக்குப் பொறுமை அதிகம். போர்ட்டில் கேபிள் சொருகினால் 15 நொடி கேட்கும், 15 நொடி கற்கும், அப்புறம்தான் திறக்கும். அதற்குள் கம்ப்யூட்டர் ஐபி கேட்டுக் கேட்டு அலுத்து 169.254 என்று தனக்குத்தானே ஒன்றைப் போட்டுக்கொள்ளும். 2001இல் வந்த ரேபிட் வகை இதைச் சரிசெய்தது. ஆனாலும் கம்ப்யூட்டர், பிரிண்டர் மட்டும் வரும் போர்ட்டுகளை ‘இது ஓரத்து போர்ட், உடனே திற’ என்று குறித்துவைக்க வேண்டும். கூடவே காவல் ஒன்றும் போட வேண்டும், பிபிடியூ கார்டு என்று பெயர். ஓரத்து போர்ட்டில் சுவிட்ச் பேசும் பேச்சு காதில் விழுந்தால் கேள்வியே இல்லை, போர்ட்டை மூடிவிடும். மேஜைக்கு அடியில் டப்பா லூப் ஆனாலும் நம் சுவிட்ச் அனுப்பிய தகவலே சுற்றித் திரும்பி வரும், தன் குரலையே கேட்டுச் சாத்திக்கொள்ளும். சில மலிவு டப்பாக்கள் இந்தத் தகவலை விழுங்கிவிடும். அதற்காகவே லூப் டிடெக்‌ஷன் என்று தனியாகச் சோதனை ஃபிரேம் அனுப்பும் வசதியும் பல சுவிட்சுகளில் உண்டு. நான் இரண்டையும் போட்டுவைப்பேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குள் மில்லிலும் மேனேஜ்டு சுவிட்ச் வந்துவிட்டது. அன்று மாலை நாலரைக்கு அதனிடமிருந்து என் போனுக்கு மெயில் வந்தது. 17ஆம் போர்ட் மூடப்பட்டது. மில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, அக்கவுண்ட்ஸ்ல இப்ப என்னத்த சொருகுனீங்க?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “ஏனுங் தம்பி, இங்க கேமரா கீமரா ஏதாச்சும் எனக்குத் தெரியாம வச்சிருக்கீங்ளா?”

ஸ்பானிங் ட்ரீயும் சர்வரோக நிவாரணி அல்ல. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரத்தின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நெட்வொர்க் பல நாள் விழுந்து கிடந்தது. சுவிட்சுக்குப் பின்னால் சுவிட்ச் என்று வருடக்கணக்கில் நீட்டிக்கொண்டே போய், ஸ்பானிங் ட்ரீ தாங்கும் நீளத்தைத் தாண்டிவிட்டார்கள். டாக்டர்கள் பேப்பரும் பேனாவுமாகத் திரும்பினார்கள். அங்கே தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜான் ஹலம்கா நடந்ததை மூடி மறைக்காமல் வெளியே சொன்னார். ‘இன்னொரு டப்பா போட்டு நீட்டிக்கலாம் தம்பி’ என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும்.

அடுத்தது விலான். மேனேஜ்டு சுவிட்ச் வாங்குகிறவர்கள் பலர் இதற்காகத்தான் வாங்குகிறார்கள். ஒரே பெட்டியைக் கத்தியில்லாமல் நாலாக அறுப்பது. எங்கள் மில்லில் ஆபீஸ் 10, கேமரா 20, மெஷின்களின் டேட்டா 30, விருந்தாளி வைஃபை 40. நூல் வாங்க வருகிறவர் வைஃபையில் உட்கார்ந்துகொண்டு டேலி சர்வரை எட்டிப் பார்க்க முடியாது. ஒரு சுவிட்சிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே கேபிளில் நாலும் போக வேண்டுமே, அதற்கு ஒவ்வொரு ஃபிரேமிலும் 4 பைட் சீட்டு ஒட்டி அனுப்பும். 802.1கியூ என்று பெயர். சீட்டில் விலான் எண்ணுக்கு 12 பிட், ஆக 4094 விலான்கள். நமக்கு நாலே போதும்.

இந்த வழியை சிஸ்கோ ஆட்கள் டிரங்க் என்பார்கள். ஹெச்பியின் புரோகர்வ் சுவிட்சில் டிரங்க் என்றால் பல கேபிள்களை ஒன்றாகக் கட்டுவது. இதே வார்த்தையை வைத்துக்கொண்டு போனில் இரண்டு பேர் அரை மணி நேரம் சண்டை போடலாம், போட்டிருக்கிறேன். வெப் பக்கம் மட்டும் உள்ள மலிவு மேனேஜ்டு சுவிட்சுகளில் விலானில் போர்ட்டைச் சேர்த்தால் போதாது. பிவிஐடி என்று வேறு பக்கத்தில் இன்னொரு எண்ணையும் மாற்ற வேண்டும். வெளியே போகும் ஃபிரேமுக்கு ஒரு விதி, உள்ளே வருவதற்கு ஒரு விதி. இதை மறந்து எத்தனை பேர் பாதி ராத்திரி தலையைப் பிய்த்துக்கொண்டார்களோ.

என் பாதி ராத்திரி வேறு மாதிரி. வீட்டிலிருந்தே லாக்இன் ஆகி, மேல் தளத்து சுவிட்சுக்கு விருந்தாளி விலானையும் அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். டிரங்கில் ‘சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவுட் விலான் 40’ என்று தட்டி என்டர் அடித்தேன். 40க்கு முன்னால் ‘ஆட்’ என்று ஒரு வார்த்தை இருக்க வேண்டும். இருந்தால், இருப்பதோடு 40ஐச் சேர். இல்லாவிட்டால், 40 மட்டும் போதும், மற்றதையெல்லாம் துரத்து. திரை அப்படியே உறைந்தது. நான் பேசிக்கொண்டிருந்ததும் அதே டிரங்க் வழியாகத்தான். உட்கார்ந்திருந்த கிளையை நானே வெட்டியிருந்தேன். மணி பதினொன்றே கால், மில் நாற்பது கிலோமீட்டர்.

அன்று காப்பாற்றியது, நான் சேவ் பண்ணாததுதான். இந்த வகை சுவிட்சில் இரண்டு கான்ஃபிக், அதாவது நாம் போட்ட கட்டளைகளின் தொகுப்பு, உண்டு. இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஒன்று, கரண்ட் போய் வந்தால் படிப்பது இன்னொன்று. நீங்கள் எழுதிவை என்று சொல்லும்வரை இரண்டாவது மாறாது. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, மாடியில் இருக்கும் சின்ன ரேக் சுவிட்சை அணைத்துப் போடச் சொன்னேன். “எந்த சுவிட்சுங்க, லைட்டு சுவிட்சா?” என்று கேட்டார். இரண்டு முறை மாடியின் விளக்கை அணைத்துப் போட்டபின் சரியானது கிடைத்தது. அதிலிருந்து, தூரத்திலிருந்து எதைத் தொடுவதானாலும் முதலில் ‘ரீலோட் இன் 10’ என்று போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். பத்து நிமிடத்தில் நான் வந்து ரத்து செய்யாவிட்டால் அது தானே அணைந்து, பழைய கான்ஃபிக்கோடு எழும்.

இதற்கு நேர் எதிரும் நடந்திருக்கிறது. வேறோர் இடத்தில் எல்லாம் அழகாகச் செய்து முடித்து, டீ குடித்து, பணமும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சேவ் பண்ண மறந்திருந்தேன். ஐந்து மாதம் ஓடியது. ஒரு மழைநாளில் யுபிஎஸ் பேட்டரி செத்தபோது சுவிட்ச் பிறந்த குழந்தையாக எழுந்தது.

பிஓஇ பற்றிக் கொஞ்சம். நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் அனுப்புவது. 2003 விதிப்படி போர்ட்டுக்கு 15.4 வாட், 2009இல் 30, 2018இல் 90 வரை. ஆனால் பெட்டியின் மொத்த பட்ஜெட் என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. 24 போர்ட் சுவிட்சில் 370 வாட் என்று போட்டிருப்பார்கள். 24ஐ 15.4ஆல் பெருக்கிப் பாருங்கள், 369.6 வரும். எல்லாப் போர்ட்டுக்கும் 30 கிடைக்கும் என்று நினைத்தால் மோசம் போவீர்கள். மலிவுப் பெட்டியில் அதிலும் பாதிதான். ஓர் இடத்தில் தினமும் பொழுது சாய்ந்ததும் நாலு கேமரா அணைந்துபோகும், விடிந்ததும் வந்துவிடும். பேய் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். சுவிட்சில் போய்ப் பார்த்தால் பகலில் ஒரு கேமரா 4 வாட் இழுக்கிறது, இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்து 9 ஆகிறது. மொத்தம் பட்ஜெட்டைத் தாண்டியதும், முக்கியத்துவம் குறைந்த போர்ட்டை சுவிட்ச் நிறுத்துகிறது. எல்லாம் ஒரே முக்கியத்துவத்தில் இருந்தால் பெரும்பாலும் பெரிய எண் உள்ள போர்ட்டுக்குத்தான் முதல் வெட்டு. மெயின் கேட் கேமரா 24இல் இருந்தது.

இதில் எனக்குப் பிடித்தது சின்ன விஷயம். தொங்கிப்போன கேமராவை வீட்டில் இருந்தபடியே போர்ட்டை அணைத்துப் போட்டு எழுப்பலாம். மழையில் ஏணி ஏறியவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

எரர் கவுண்டரை யாரும் மதிப்பதில்லை. ஒவ்வொரு போர்ட்டிலும் கெட்டுப்போய் வந்த ஃபிரேம்களை சுவிட்ச் எண்ணிக்கொண்டே இருக்கும். சிஆர்சி எரர் என்று பெயர், அது சும்மா ஏறாது. கேபிளில் கோளாறு, அல்லது கிரிம்பிங் (முனையில் பிளக்கை அழுத்தி மாட்டுவது) சரியில்லை, அல்லது மோட்டார் லைனோடு ஒட்டி இழுத்திருக்கிறார்கள். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் பிளோ ரூம் மெஷினுக்குப் போகும் லைன் அடிக்கடி விழுந்தது. கேபிள் டெஸ்ட் என்று ஒரு கட்டளை. சுவிட்ச் கம்பியில் ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும். கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்க்கிற மாதிரி. பதில் வந்தது: மூன்றாவது ஜோடி, அறுந்திருக்கிறது, 41 மீட்டரில். டேப் பிடித்துக்கொண்டு போனோம். 41 என்று சொன்ன இடத்தில், பஞ்சுத் தூசி அப்பிய டிரேக்குள் கையை விட்டால், எலி கடித்த கேபிள். ஓர் அடி முன்னே பின்னே இருக்கலாம். எலக்ட்ரீஷியன் அண்ணன் அன்றிலிருந்து சுவிட்சைக் கொஞ்சம் பயபக்தியோடு பார்க்கிறார்.

டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஐபி கொடுக்கும் உரிமை இந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும், மற்ற போர்ட்டில் யார் கொடுத்தாலும் தட்டிவிடு. சூப்பர்வைசர் ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து லேன் ஓட்டையில் சொருகியபோது, பாதி ஆபீஸ் அதனிடம் ஐபி வாங்கிக்கொண்டு இன்டர்நெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அதற்கு அப்புறம் இதைப் போடாமல் நான் எந்த இடத்தையும் விட்டு வருவதில்லை.

எஸ்என்எம்பி என்பது தூரத்திலிருந்து சுவிட்சிடம் கணக்குக் கேட்கும் முறை. அதன் வழியாக போர்ட்டின் போக்குவரத்தைப் படம் போட்டுப் பார்க்கலாம். பழைய 32 பிட் கவுண்டரை எடுக்காதீர்கள். கிகாபிட் லைன் நிரம்பி ஓடினால் 34 நொடியில் அது முழுச்சுற்று வந்துவிடும், படம் பொய் சொல்லும். 64 பிட் கவுண்டர் தனியே இருக்கிறது. இப்படிக் கேட்பதற்கான பாஸ்வேர்டு மாதிரியான வார்த்தை பல பெட்டிகளில் ‘பப்ளிக்’ என்றே வரும். அதை மாற்றாமல் விடுவது வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விடுவது.

இரண்டு கேபிளை ஒன்றாகக் கட்டும் வசதி, எல்ஏசிபி. “ரெண்டு லைன் போட்டா டபுள் ஸ்பீடா?” என்று முதலாளி கேட்டார். இரண்டு லேன் ரோட்டில் ஒரு லாரி இரண்டு லேனிலும் பாதிப் பாதியாகப் போகாது என்றேன். நிறைய லாரி போகலாம், ஒன்று பழுதானால் இன்னொன்றில் போகலாம். அவ்வளவுதான். டேட்டாஷீட்டில் இன்னும் நாலு பக்கம் இருக்கிறது. அதில் பாதியை நான் தொட்டதே இல்லை, தொடுகிற இடங்களுக்கு நான் போனதும் இல்லை.

போன மாதம் பேக்கிங் செக்‌ஷனில் நாலு சிஸ்டம் புதிதாகப் போட்டார்கள். கேபிள் இழுக்க ஆகும் செலவைச் சொன்னதும் முதலாளி, “ஒரு அஞ்சு ஓட்டை டப்பா வாங்கிப் போட்ருங்க தம்பி” என்றார். இத்தனை கதைக்கு அப்புறமும். போட்டேன், வேறென்ன செய்ய. அதற்குப் போகும் 9ஆம் போர்ட்டில் மட்டும், முதலில் பார்த்த நாலு மேக் தவிர வேறெதையும் விடாதே, வந்தால் தட்டிவிட்டுக் குறித்துவை என்று எழுதி, மறக்காமல் சேவ் பண்ணினேன்.

நேற்று சுவிட்ச் குறித்துவைத்த லாக்கைப் பார்த்தேன். சாயங்காலம் ஏழரைக்கு மேல் ஐந்தாவதாக ஒருவர் வந்து தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், மூன்று நாளாக. மேக்கின் முதல் பாதியைத் தேடினால் டிவி கம்பெனி. பேக்கிங்கில் டிவி ஏது என்று எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கேட்டேன்.

“நைட் ஷிப்டுக்காரங்க வச்சிருப்பாங்களா இருக்கும்ங்க. ஐபிஎல் ஓடுதுங்களே” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “தம்பி, அதை மட்டும் கொஞ்சம் உட்ருங்களேன்.”